ஒரே ஸ்கோப், இரண்டு துப்பாக்கி: பகிர்ந்து பயன்படுத்தும் முறை

திருவனந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டு பரவலாகக் கண்ணில் பட்டது 2015-இல்தான். 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் சுடுதளம் எழுந்தது. அதன்பின் சாலை என்னும் கடைத்தெருவின் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, சாஸ்தமங்கலம் தாண்டினால் தளம் வந்துவிடும். தூரம் பெரிதில்லை, செலவுதான் பெரிது. அக்காவுக்கு ஒரு ஏர் ரைபிள், தம்பிக்கு ஒன்று என்று வாங்கி முடிப்பதற்குள் கை காய்ந்துவிடும். அப்போதுதான் வீட்டில் இந்தப் பேச்சு எழும்: "ஸ்கோப் ஒன்று போதாதா? மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாமே?"

போதும். மட்டமான ஸ்கோப் இரண்டு வாங்குவதைவிடத் தரமான ஒன்றை வாங்கிப் பகிர்வது நல்லது என்றே இந்த நூல் சொல்கிறது. ஆனால் கழற்றி மாட்டுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாமல் பகிர்ந்தால் இரண்டு பேரின் பயிற்சியும் கெடும். குண்டு ஏன் விலகுகிறது என்று தெரியாமல் பிள்ளைகள் தங்கள் கையையும் மூச்சையும் குறை சொல்லிக்கொண்டு மாதங்களை வீணாக்குவார்கள்.

ஸ்கோப் எங்கே பயன்படும்?

முதலில் ஒரு தெளிவு. ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை. அங்கே துளைவழி பார்க்கும் பீப் சைட் மட்டும்தான். சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிகளில் ஓடும் இலக்குப் போட்டி ஒன்றில்தான் ஸ்கோப்புக்கு அனுமதி. 10 மீட்டர் ஓடும் இலக்கில் அதிகபட்சம் 4 மடங்கு உருப்பெருக்கம். மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், ஃபீல்ட் டார்கெட் ஆகிய வகைகளில் ஸ்கோப்தான் வழக்கம். இவை தவிர, விசையிழுப்பைப் பழகவும், எந்த பெல்லட் எந்தக் குழலுக்கு ஒத்துவருகிறது என்று பார்க்கவும் ஸ்கோப் பெரிய துணை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டியதற்கும், பாயின்ட் டூ-டூ போன்ற வெடிமருந்துத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கியால் சுட்டாலும் பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாலை போன்ற நெருக்கமான தெருவில் மொட்டைமாடியில் நின்று சுட்டுப் பார்க்கவே கூடாது. ஸ்கோப்பை மாட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்டுச் சரிபார்ப்பதைத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ யாருக்குச் சொந்தம்?

குறுக்குக்கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதை ஜீரோ செய்வது என்கிறோம். ஸ்கோப்பை ஒருமுறை ஜீரோ செய்துவிட்டால் எந்தத் துப்பாக்கியில் வைத்தாலும் அது சரியாகக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பகிர்வதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்தே வருகின்றன. ஜீரோ என்பது ஸ்கோப், துப்பாக்கி, பெல்லட், தூரம் நான்கும் சேர்ந்த கணக்கு. நான்கில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். கடையில் தராசை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றினால் மட்டம் பார்த்து முள்ளை நடுவில் நிறுத்திய பிறகுதானே எடை போடுவார்கள்? இதுவும் அப்படித்தான்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் பெல்லட் விடும் ஏர் ரைபிள் ஒன்று. நொடிக்கு 325 மீட்டர் அளவில் குண்டு விடும் பாயின்ட் டூ-டூ ஒன்று. இரண்டிலும் ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 45 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. முதலாவதை 10 மீட்டரில் ஜீரோ செய்கிறோம். அந்தத் தூரத்துக்குள் பெல்லட் ஏறத்தாழ 16 மி.மீ. தாழும். ஸ்கோப்பின் உயரத்தையும் கூட்டினால் 61 மி.மீ. ஈடுகட்ட வேண்டும். கோணத்தில் இது 21 எம்ஓஏ (ஓர் எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). இரண்டாவதை 50 மீட்டரில் ஜீரோ செய்தால் குண்டு சுமார் 125 மி.மீ. தாழும். உயரத்தோடு சேர்த்து 170 மி.மீ. தூரம் அதிகம் என்பதால் கோணம் 12 எம்ஓஏக்குச் சற்றுக் குறைவுதான்.

பக்கத்தில் இருக்கும் இலக்குக்குத்தான் ஸ்கோப்பின் சரிசெய்யும் குமிழான டரெட்டை அதிகம் ஏற்ற வேண்டியிருக்கிறது. டரெட்டின் ஒவ்வொரு கிளிக்குக்கும் கால் எம்ஓஏ நகரும் ஸ்கோப்பில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 37 கிளிக் வித்தியாசம். ஊகத்தால் இதை நிரப்ப முடியாது, சுட்டு அளந்துதான் எழுத வேண்டும்.

இந்த ஜோடிக்கு இந்த ஸ்கோப் ஒத்துவருமா?

நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

உதை: ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை விசித்திரமானது. உள்ளே பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னால் நகரும். பிஸ்டன் முட்டி நிற்கும் கணத்தில் துப்பாக்கி முன்னால் துள்ளும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த பல ஸ்கோப்புகளின் உள்ளமைப்பு பின்னோக்கிய உதையைத் தாங்கும்படி மட்டுமே அமைந்தது. முன்னோக்கிய துள்ளலில் அவற்றின் லென்ஸ் தளரும், குறுக்குக்கம்பி நகர்ந்துவிடும். எனவே ஜோடியில் ஒன்று ஸ்பிரிங் அல்லது கேஸ் பிஸ்டன் வகையாக இருந்தால் 'ஏர்கன் ரேட்டட்' என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த ஸ்கோப்பையே வாங்குங்கள். இரண்டுமே முன்கூட்டி அழுத்தி நிரப்பிய காற்றில் இயங்கும் பிசிபி வகை என்றால் உதை மிகக் குறைவு, கவலை வேண்டாம்.

பாரலாக்ஸ்: கண் சற்று இடம்மாறினாலே குறுக்குக்கம்பியும் இலக்கின் மேல் இடம்மாறுவதுபோல் தெரியும் குறை இது. ஸ்கோப் எந்தத் தூரத்துக்கு அமைக்கப்பட்டதோ அந்தத் தூரத்தில் குறை இராது. 100 மீட்டருக்கு அமைத்த, 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் விளிம்புவரை விலகும் நிலையில் பிழை 18 மி.மீ. அளவுக்குப் போகலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 10 மீட்டரிலிருந்து சரிசெய்யும் வளையமோ பக்கச்சக்கரமோ உள்ள ஸ்கோப்தான் பகிர்வதற்கு ஏற்றது. மாற்றி மாட்டும்போது அந்த வளையத்தையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

ரெயில்: பெரும்பாலான ஏர் ரைபிள்களில் 11 மி.மீ. டவ்டெயில் வெட்டு இருக்கும். புதியவற்றில் பிக்காட்டினி ரெயில் வருகிறது. பிக்காட்டினியின் குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம். பழைய வீவர் வகையின் பள்ளம் அதைவிடக் குறுகியது. ஸ்கோப்பைத் தாங்கி ரெயிலைப் பிடிக்கும் உறுப்புதான் மவுண்ட். வீவர் மவுண்ட் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி மவுண்ட் வீவரில் உட்காரும் என்று சொல்ல முடியாது. ஒரு துப்பாக்கியில் டவ்டெயிலும் இன்னொன்றில் பிக்காட்டினியும் இருந்தால், டவ்டெயில் உள்ளதன்மேல் பிக்காட்டினி அடாப்டர் ஒன்றை நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள். அதன்பின் ஸ்கோப்பும் மவுண்டும் ஒரே உருப்படியாக இரண்டுக்கும் போய்வரும்.

கண் தூரம்: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பொதுவாக எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வேண்டும். இருவரின் கழுத்தும் கையும் வேறு. இரண்டு துப்பாக்கிகளின் கட்டை நீளமும் வேறு. ரெயிலில் எத்தனையாவது பள்ளத்தில் வைத்தால் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரிகிறது என்று துப்பாக்கிக்கு ஒன்றாகக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாலையில் வாங்க வேண்டியவை

ஸ்கோப்பும் மவுண்டும் துப்பாக்கி விற்பவர்களிடம்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் கிழக்கேகோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் இடையில் ஒரே நடையில் முடிந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான கடைத்தெரு இது. இரும்புக்கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மவுண்டைக் கையோடு எடுத்துப் போய், திருகுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

• எல் கீ செட், ஸ்டார் கீ செட். தளர்ந்து ஆடும் சாவி திருகின் தலையைச் சிதைக்கும். அடிக்கடி கழற்றுகிறவர்கள் சாவியில் மிச்சம் பிடிக்கக் கூடாது.
• சின்ன ரசமட்டம் இரண்டு.
• தூக்குக்குண்டும் நூலும். குறுக்குக்கம்பி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பதற்கு.
• வெர்னியர் காலிப்பர். டவ்டெயில் 11 மி.மீ.தானா என்று அளக்க.
• வெள்ளை பெயின்ட் மார்க்கர், அழியாத பேனா, ஒட்டுக்காகிதம்.
• நார் உதிராத துணி, சிலிக்கா ஜெல்.

மாட்டும் முறை

மவுண்டின் மேல்மூடித் திருகுகளைத் தொடாமல், ரெயிலைப் பிடிக்கும் அடித்திருகுகளை மட்டும் கழற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் விதி. மேல்மூடியைத் திறந்து ஸ்கோப்பை வெளியே எடுத்தால் அது உருளும், முன்பின் நகரும், மேலே கீறலும் விழும். மறுபடி அதே நிலைக்கு வரவே வராது. இரண்டு தனி ரிங்குகளைவிட ஒற்றைத்துண்டு மவுண்ட் நல்லது என்பதும் இதனால்தான்.

1. துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழல்முனை பாதுகாப்பான பக்கம் இருக்கட்டும். தளத்தில் என்றால் ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

2. ரெயிலையும் மவுண்டின் தாடையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் பிடி வழுக்கும். ஒரு மணல்துகள் இருந்தால்கூட ஸ்கோப் சாய்ந்து உட்காரும்.

3. குறித்துவைத்த பள்ளத்தில் மவுண்டை வையுங்கள். பள்ளத்தின் பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் போட்ட வெள்ளைக்கோடு இருந்தால் தேட வேண்டாம்.

4. இறுக்குவதற்கு முன் மவுண்டை ஒரு பக்கம் தள்ளிப் பிடியுங்கள். பாயின்ட் டூ-டூவில் முன்னோக்கித் தள்ளுங்கள். உதையில் துப்பாக்கி பின்னால் போகும்போது ஸ்கோப் முன்னால் நழுவப் பார்க்கும்; முன்பே அது பள்ளத்தின் சுவரில் முட்டி நின்றால் நகர இடமிருக்காது. ஸ்பிரிங் துப்பாக்கியில் இதற்கு நேர்மாறு. முன்னோக்கிய துள்ளலில் ஸ்கோப் பின்னால் ஊர்ந்துவரும். அதனால் பின்னோக்கித் தள்ளி, பள்ளத்தின் பின்சுவரிலோ ஸ்டாப் பின்னிலோ முட்டவையுங்கள். அடாப்டரை நிரந்தரமாக இறுக்கும்போதும் அதன் ஸ்டாப் பின் துப்பாக்கியின் துளையில் இறங்கியிருக்க வேண்டும்.

5. திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கம் இருப்பதுதான் முக்கியம். டார்க் ஸ்குரூடிரைவர் இருந்தால் மவுண்ட் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள், ஒரே சாவியால் இறுக்கட்டும். அக்கா ஒருநாள், தம்பி ஒருநாள் என்று கை மாற வேண்டாம்.

6. ரசமட்டம் ஒன்றைத் துப்பாக்கியின் ரெயிலில் வைத்து மட்டம் பாருங்கள். எதிர்ச்சுவரில் தொங்கும் தூக்குக்குண்டு நூலோடு நெட்டுக்கம்பி ஒட்டி நிற்கிறதா என்று ஸ்கோப் வழியே பாருங்கள். இரண்டு துப்பாக்கியிலும் இது சரியாக வந்தால்தான் பகிர்வு சாத்தியம். ஒன்றில் சாய்ந்தால் அந்த ரெயிலையோ அடாப்டரையோ திருத்துங்கள், மேல்மூடியை அல்ல.

கிளிக் கணக்கு

ஓர் எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 29 மி.மீ. கால் எம்ஓஏ கிளிக் ஒன்று 10 மீட்டரில் 0.73 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ., 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர்த்தும். மில் கணக்கு ஸ்கோப்பில் 0.1 மில் கிளிக் 10 மீட்டரில் 1 மி.மீ., 50 மீட்டரில் 5 மி.மீ. மில் கணக்கை மனத்தில் போடுவது சுலபம்.

அதிகம் பயன்படும் துப்பாக்கியைத் தாய்த்துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முழுமையாக ஜீரோ செய்து, டரெட் வளையத்தைத் தளர்த்தி '0' கோட்டில் நிறுத்துங்கள். பிறகு ஸ்கோப்பை இரண்டாவதில் மாட்டி, தாங்கியில் வைத்து, அதே குறியில் ஐந்து குண்டு சுடுங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்து டரெட்டைத் திருப்பாதீர்கள். ஐந்து துளைகளின் நடுவை அளந்து பாருங்கள்.

நடு 11 மி.மீ. கீழேயும் 4 மி.மீ. இடப்புறமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் 11-ஐ 0.73-ஆல் வகுத்தால் 15. மேலே 15 கிளிக். 4-ஐ வகுத்தால் ஐந்தரை. வலப்புறம் 5 அல்லது 6, மறுபடி ஐந்து குண்டு சுட்டு எது என்று முடிவு செய்யுங்கள். முடிந்ததும் ஒட்டுக்காகிதத்தில் இப்படி எழுதி அந்தத் துப்பாக்கியின் பெட்டிக்குள் ஒட்டுங்கள்:

"துப்பாக்கி 2. பள்ளம் 4. மேல் +15, வலம் +6. தூரம் 10 மீ. பாரலாக்ஸ் 10. பெல்லட்: (பெயர், எடை). தேதி."

தாய்த்துப்பாக்கிக்குத் திரும்பும்போது டரெட்டை '0'-வுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு பழக்கம் உதவும்: எந்த எண்ணுக்குப் போனாலும் ஒரே திசையிலிருந்து போய் நிறுத்துங்கள். இறக்கும்போது சில கிளிக் கூடுதலாக இறக்கி, திரும்ப ஏற்றி நிறுத்தினால் உள்ளிருக்கும் திருகின் லொடலொடப்பு கணக்கைக் கெடுக்காது.

நம்பலாமா? இரண்டு சோதனைகள்

கட்டம் போடும் சோதனை: ஒரே குறியைப் பார்த்தபடி ஐந்து குண்டு சுடுங்கள். வலப்புறம் 20 கிளிக் திருப்பி ஐந்து, மேலே 20 திருப்பி ஐந்து, இடப்புறம் 20 திருப்பி ஐந்து, கீழே 20 திருப்பி ஐந்து. கடைசி ஐந்து துளைகளின் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஸ்கோப்பின் டரெட் நம்பத்தக்கதல்ல. அது ஒரே துப்பாக்கியில் அசையாமல் இருக்கட்டும்.

கழற்றி மாட்டும் சோதனை: ஐந்து குண்டு சுட்டு, ஸ்கோப்பைக் கழற்றி, மேற்சொன்ன ஆறு படிகளோடு அதே துப்பாக்கியில் மறுபடி மாட்டி, புதிய அட்டையில் ஐந்து சுடுங்கள். இப்படி நான்கு முறை. நான்கு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குரூப்பின் நடு நகர்ந்த அளவு ஒரு குரூப்பின் பாதிக்குள் இருந்தால் உங்கள் மவுண்டும் கையும் சரி. அதற்குமேல் போனால் துடைப்பதிலோ தள்ளிப் பிடிப்பதிலோ இறுக்குவதிலோ குறை இருக்கிறது.

சோதனையில் தேறினாலும், ஸ்கோப் மாறிய ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து குண்டு சரிபார்ப்புக்கே போகட்டும். 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சுட்டுப் பார்த்தபோது குண்டு வெகுதூரம் விலகி விழுந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். சைட் மாறிப்போயிருந்தது அந்தச் சோதனைக் குண்டால்தான் தெரிந்தது, திருத்திவிட்டுச் சுட்டார். அவர் கையில் இருந்தது பீப் சைட். அப்படிப்பட்ட வீரருக்கே அது தேவைப்பட்டது என்றால், காலையில் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்தவருக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு மழைக்காலங்கள்

திருவனந்தபுரத்தில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் காற்றை ஈரமாகவே வைத்திருக்கும். லென்ஸில் பூஞ்சை படர்ந்தால் கண்ணாடியின் பூச்சையே அது அரித்துவிடும். துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் மூடிவைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது சூடுகாட்டி உலர்த்துங்கள். நல்ல ஸ்கோப்புக்குள் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று அதைத் திறந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிடும். ஸ்கோப் இல்லாமல் இருக்கும் துப்பாக்கியின் ரெயிலில் வியர்வைக் கை பட்டாலே துரு ஏறும். மெல்லிய எண்ணெய் தடவிவைத்து, மாட்டுவதற்கு முன் அதைத் துடைத்தெடுங்கள்.

பகிர்வை எப்போது நிறுத்த வேண்டும்?

மூன்று நிலைமைகளில் இரண்டாவது ஸ்கோப் வாங்கத் தயங்காதீர்கள். ஒன்று, இருவரும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் சுட வேண்டிய நிலை வந்தால். வரிசையில் நின்று அவசரமாகக் கழற்றி மாட்டுவதில் பாதுகாப்பும் போகும், ஜீரோவும் போகும். இரண்டு, ஒருவர் போட்டிக்குத் தயாராகத் தொடங்கினால். போட்டிக்கு முந்தைய வாரங்களில் அந்தத் துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றவே கூடாது. மூன்று, ஜோடியில் ஒன்று பலமான ஸ்பிரிங் துப்பாக்கியாக இருந்து, ஒட்டுக்காகிதத்தில் எழுதிய எண்கள் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே போனால். ஸ்கோப் உள்ளே தளர்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கோப் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு ஒதுக்கியிருந்த பணத்தை பெல்லட்டுக்கும் தளக் கட்டணத்துக்கும் திருப்புங்கள். தொடக்கத்தில் கையைப் பழக்குவது அதிகம் சுடுவதுதான்.